எழுத்து முடிந்த நாடு

பலெர்மோ
14.01.2024

கேசிகா பிள்ளைக்கு,

நேற்று ரெலிபோனை வைத்தவள்தான், இன்னும் எடுக்கவில்லை. நீ ஏழு தரம் அடித்திருக்கிறாய். எடுத்தால் சத்தம் போடுவேன், பக்கத்து அறையில் நான் பராமரிக்கிற சிஞ்ஞோரா பயந்துபோவா. எழுதினால் கையாவது இடையில் களைத்து நிற்கும் என்றுதான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு இல்லை என்று சொல்லாதே. "அம்மா, இஞ்சை நாங்கள் எல்லாரும் எழுத்துக்காகத்தான் ஓடித் திரியிறம். மாசியோடை ஒரு முடிவு வந்திடும்" என்றாய். சிரித்துக்கொண்டு வேறு சொன்னாய். யார் அவன்? மடகஸ்கார் ஆளா, இல்லை உன்னோடு வேலை செய்கிற பிரெஞ்சுக்காரனா? ஒருத்தி எத்தனை பேருக்கு எழுத்து எழுதலாம் என்று நீ படித்த சட்டத்தில் இருக்கிறது?

இரண்டு வருடத்துக்கு முன் கொக்குவிலில், உன் மாமி வீட்டு விறாந்தையில், றெஜிஸ்ராருக்கு முன்னால் இருந்து கஜானனுக்கு எழுத்து எழுதினாய். கலியாணப் பதிவு முடிந்தால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. மிச்சம் தாலியும் சாப்பாடும்தான். அப்பா சாய்மனைக் கதிரையில் படுத்துக்கிடந்து அதைப் பார்த்தார். தன் தங்கையின் மகன் தன் மகளுக்கு என்ற நிம்மதியில் அடுத்த மாதம் கண்ணை மூடினார். துடக்கென்று ஒரு வருடம் பொறுத்தோம். வருடம் முடிய நீ "ஆறு மாத வேலை" என்று ஆபிரிக்காவுக்குப் போனாய். ஆறு மாதம் பதினொரு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பெடியனை இங்கே கூப்பிடுகிற பத்திரம் என் அலுமாரியில் உன் கையெழுத்துக்காகக் கிடக்கிறது.

நான் பொறுக்கமாட்டாமல் நேற்றே கஜானனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். "தம்பி, அவள் அங்கை வேறை எழுத்து முடிக்கப் போறாள்" என்றேன். அவன் "சரி மாமி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

இங்கே என்னை ரதி என்று கூப்பிட ஒருவரும் இல்லை. சிஞ்ஞோராவுக்கு நான் ரீத்தா. லிபெர்த்தா தெருவில் இந்த நாலு அறை வீட்டில் அவவும் நானும், சுவரில் செத்துப்போன ஆட்களின் படங்களும். நீ இருக்கிறாய் என்றுதான் நான் இருக்கிறேன். அவன் பெயரை எழுது.

அம்மா

*

அந்தனநாரிவோ
09.02.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். இரண்டாம் தரம் வாசித்தபோது சிரிப்பு வரவில்லை.

அவன் என்று ஒருவனும் இல்லை. நான் சொன்னது ஒரு நாட்டின் கையெழுத்தைப் பற்றி. ஆபிரிக்க நாடுகள் சேர்ந்து பெண்களின் உரிமைகளுக்காக ஓர் ஒப்பந்தம் எழுதின. மபுட்டோ என்ற நகரத்தில் 2003இல் எழுதியதால் நாங்கள் அதையும் மபுட்டோ என்றே சொல்கிறோம். மடகஸ்கார் அடுத்த வருடம் மாசியில் கையெழுத்து வைத்தது. அதோடு நின்றுவிட்டது. கையெழுத்து வைத்தால் மட்டும் போதாது அம்மா. பாராளுமன்றம் அதை ஏற்று உறுதிப்படுத்த வேண்டும். இத்தாலியனில் ராத்திஃபிகா. அதற்குப் பிறகுதான் அந்த ஒப்பந்தம் நாட்டைக் கட்டும். பெரும்பாலான நாடுகள் செய்துவிட்டன. இது இருபது வருடமாகச் செய்யவில்லை. அதிலே ஒரு பிரிவு சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக முழுவதையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாசிக்குள் செய்விக்க வேண்டும் என்றுதான் நான் வேலை செய்கிற பெண்கள் சங்கம் ஓடித் திரிகிறது.

கையெழுத்து என்று சொல்ல வந்து எழுத்து என்றேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்து என்றால் அ, ஆ, இ. உங்களுக்கு அது கலியாணம் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. எனக்கு நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். ராத்திஃபிகாவுக்குத் தமிழ் என்ன என்று பிறகு தேடினேன். ‘ஏற்புறுதி’ என்று இருந்தது. உங்களுக்குத் தெரியுமா?

நான் இங்கே செய்வது பெரிய வேலை ஒன்றும் இல்லை. நோரோ என்று ஒரு பெண் என்னோடு வருவாள், இந்த ஊர்ப் பாஷைக்கு அவள்தான் எனக்கு வாய். இரண்டு பேரும் சிவப்பு மண் தெருவில் வான் வண்டியில் போய், கிராமத்துப் பெண்களுக்கு ஒப்பந்தத்தை விளங்கப்படுத்தி, மனுவில் கையெழுத்தோ பெருவிரலோ வாங்குகிறோம். இங்கே பெண் வீட்டாருக்கு ஆட்டின் பின்தொடை கொடுத்துச் சடங்கு செய்தால் கலியாணம் முடிந்தது. பலர் பதிவதே இல்லை. பிறகு அவன் விட்டுவிட்டுப் போனால் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சடங்கு இருக்கிறது, எழுத்து இல்லை. எனக்கு எழுத்து இருக்கிறது, சடங்கு இல்லை. இதை நோரோவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

கஜானனுக்கு ஏன் சொன்னீர்கள்? அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவனை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இங்கே மழை. போன ஞாயிறு முழுவதும் ஒருவரோடும் கதைக்கவில்லை. திங்கள் காலை கடையில் பாண் கேட்டபோது என் குரல் எனக்கே வேறு ஆளின் குரல் மாதிரி இருந்தது.

கேசிகா

*

பலெர்மோ
03.03.2024

பிள்ளைக்கு,

அவன் என்று ஒருவன் இல்லை என்ற வரியை நாலு தரம் வாசித்தேன். மலைக்கோயில் சாந்த ரொசலியாவுக்கு நேர்ந்து வைத்திருந்தேன். போன வியாழன் லீவில் மலையேறிப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். அதற்காக என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

ஏற்புறுதி. நான் யாழ்ப்பாணத்தில் ஏ.எல் வரைக்கும் படித்தவள், இப்படி ஒரு சொல்லைக் கேட்டதில்லை. ஏப்பத்துக்கு உறவு மாதிரி இருக்கிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், லோயர் பிள்ளை பதில் சொல்லு. இருபது வருடத்துக்கு முன் கையெழுத்து வைத்தாய், மிச்சத்தையும் செய் என்று ஒரு நாட்டைப் போய்ப் பிடித்து உலுப்புகிறாய். நீ வைத்த கையெழுத்துக்கு யார் மனுக் கொண்டு வருவது? அந்தப் பாராளுமன்றத்துக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவர்களும் இழுக்கிறார்கள், நீயும் இழுக்கிறாய்.

இன்னொன்று. எங்கள் கட்டடத்துப் படி துடைக்கிற ப்ளெசிங்கிடம் உன் மபுட்டோவைப் பற்றிக் கேட்டேன். அவள் நைஜீரியா. அவளுடைய நாடு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது என்று போன மாதம் ரெலிபோனில் பார்த்து வைத்திருந்தேன். அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேள்விப்படவே இல்லையாம். "அது இருந்திருந்தால் நான் ஏன் இங்கே வந்திருக்கப் போகிறேன், ரீத்தா" என்றாள். பார்த்தாயா? ஏற்றுக்கொண்ட நாட்டுக்காரிக்கே தெரியாத கடதாசிக்குத்தான் நீ என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

கஜானன் எடுத்தான். நீ சொன்னதை விளங்கப்படுத்தி, நான்தான் பிழையாக விளங்கிவிட்டேன் என்று சொன்னேன். அவன் சந்தோசப்படுவான் என்று நினைத்தேன். அவன் சொன்னது இதுதான்: "மாமி, எழுத்து நடந்த அண்டைக்கு அவ என்னை ஒருக்காலும் நிமிந்து பாக்கேல்லை. நீங்கள் அண்டைக்கு வேறை ஆள் எண்டு சொன்னோடனை எனக்குக் கவலை வந்ததுதான். ஆனால் பிறகு, அப்பாடா, இனிக் காத்திருக்கத் தேவையில்லை எண்டும் இருந்தது." இரண்டு வருடத்தில் அவனிடம் "உனக்கு என்ன வேணும்" என்று நான் ஒரு தரமும் கேட்கவில்லை.

சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்கிற டெனிஸ்டன் ஒரு பை மன்தரீனோ கொண்டுவந்து தந்தான். பிந்திப் பழுக்கிற ஜாதி, உனக்குப் பிடித்தது. பழக்கதோசத்தில் இரண்டு கோப்பையில் உரித்து வைத்துவிட்டேன். மற்றதை சிஞ்ஞோராவுக்குக் கொடுத்தேன், அவ வேண்டாம் என்றா.

அம்மா

*

அந்தனநாரிவோ
29.03.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கேட்ட கேள்வியை என்னிடம் நான் கேட்காத நாள் இல்லை. அதனால் கோபம் வரவில்லை.

முதலில் இங்கத்தைய செய்தி. மாசி முடிந்துவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம் கையெழுத்தும் பெருவிரலும் மூன்று பெட்டியில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஓர் உத்தியோகத்தர் வாங்கினார். மிகவும் மரியாதையாக, "நாங்கள்தான் முந்தியே கையெழுத்து வைத்துவிட்டோமே, இன்னும் என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். விவாதத்துக்கே எடுக்கவில்லை. நோரோ வெளியே படியில் இருந்து பாணும் அவித்த முட்டையும் சாப்பிட்டாள். அடுத்த கிராமத்துக்கு எப்போது போகிறோம் என்று கேட்டாள். ப்ளெசிங் சொன்னது சரிதான் அம்மா. ஏற்றுக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் விட்டாலும் பயன் இல்லை. அதற்குத்தான் கிராமத்துக்குப் போகிறோம்.

இப்போது உங்கள் கேள்வி. ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவில் முதல் வரி இப்படி இருக்கிறது, என்னுடைய தமிழில் எழுதுகிறேன்: ஆண், பெண் இருவருடைய முழுமையான, சுதந்திரமான சம்மதம் இல்லாமல் எந்தக் கலியாணமும் நடக்கக் கூடாது. இதை நான் ஐம்பது கிராமத்திலாவது நோரோவின் வாயால் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கொக்குவில் விறாந்தை நினைவுக்கு வரும். நான் அங்கே கையெழுத்து வைத்தேன். அது உண்மை. ஒருவரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், எழுதினேன். அதனால் எனக்கு முறையிட வாய் இல்லை என்று இவ்வளவு நாளும் இருந்தேன்.

கஜானன் எனக்கு எழுதினான். இரண்டு பேருமாக ஒரு யாழ்ப்பாண லோயரைப் பிடித்திருக்கிறோம். சம்மதம் இல்லாத பதிவு செல்லாது என்று வழக்குப் போடப் போகிறோம், அவன் எதிர்க்கமாட்டான். லோயர் அம்மா கேட்டது ஒன்றுதான்: "றெஜிஸ்ரார் சம்மதம் கேக்கேக்கை பிள்ளை தன்ரை வாயாலை ஓம் எண்டு சொன்னதோ?" எனக்கு நினைவில்லை. அவர் ஏதோ நீளமாக வாசித்தார். ஃபான் சத்தம் போட்டது. பிறகு பேனை வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

பதிவுப் புத்தகத்தில் சாட்சியாக இரண்டு பேர் கையெழுத்து வைத்தீர்கள். அருளம்பலம் மாமா தனக்கு ஒன்றும் நினைவில்லை என்று சொல்லிவிட்டார். மிச்சம் நீங்கள். நீங்கள் அன்று கண்டதை ஒரு சத்தியக் கடதாசியாக எழுதித் தர வேண்டும். எனக்காகப் பொய் எழுத வேண்டாம். நான் ஓம் என்று சொன்னதைக் கண்டிருந்தால் அதையே எழுதுங்கள். நான் ஓம் சொல்லவில்லை என்று சாட்சி இருந்தால் வழக்கு வெல்லும், இல்லாவிட்டால் இழுபடும் என்கிறா லோயர்.

கேசிகா

*

பலெர்மோ
21.04.2024

பிள்ளைக்கு,

முடியாது.

உன் அப்பா கடைசியாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். செத்த மனிசனுக்கு எதிராகச் சாட்சி சொல் என்று கேட்கிறாய். மாமி என்னை வீட்டுப் படி ஏறவிடமாட்டா. இங்கே கோயிலிலும் தமிழ்க் கடையிலும் "மகளைக் கட்டாயப்படுத்தி எழுத்து எழுதின ரதி" என்று சொல்லுவார்கள். இருபத்தேழு வருடம் மற்றவர்களுடைய குசினியைத் துடைத்து நான் சேர்த்து வைத்தது என் பெயர் ஒன்றுதான். அதையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடவா?

நீ விவாகரத்து வேண்டுமென்றால் எடு. தடுக்கமாட்டேன். ஆனால் அன்று நான் என்ன கண்டேன் என்று என்னிடம் கேட்காதே.

சிஞ்ஞோராவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வேறு செய்தி இல்லை.

அம்மா

*

அந்தனநாரிவோ
15.05.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சரி அம்மா. இனிக் கேட்கமாட்டேன். இழுபட்டால் இழுபடட்டும்.

போன கிழமை நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். தெற்கே ஒரு கிராமம். கூட்டம் முடிந்து மனுவை நீட்டினோம். ஒரு பெண், உங்கள் வயது இருக்கும், பெருவிரலை மையில் தோய்த்துவிட்டாள். நோரோ வழக்கம்போல "விளங்கினதா?" என்று கேட்டாள். அந்தப் பெண் தன் பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். அது உடனே தலையாட்டி ஓம் என்றது. நோரோ தாளை நீட்டினாள். நான் அதைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

நோரோவுக்கு என்மேல் கோபம். "ஒரு பெருவிரல்தானே" என்றாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எனக்கு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் நினைவுக்கு வந்துவிட்டது. உங்கள் பெர்மெஸ்ஸோ விசாவைப் புதுப்பிக்கப் போகிற ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் "ஹா கபீத்தோ, சிஞ்ஞோரா?", விளங்கினதா என்று கேட்பார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள். நான் இத்தாலியனில் "சீ" என்று ஓம் சொல்லுவேன். எனக்கு அப்போது எட்டு வயது அம்மா. அவர் வாசித்ததில் பாதி எனக்கும் விளங்காது. நீங்கள் எதற்கெல்லாம் கையெழுத்து வைத்தீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விளங்கவில்லை என்று சொன்னால் உங்களை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு மணித்தியாலம் இருந்து முழுவதையும் திரும்பச் சொன்னோம். கடைசியில் அவள் பெருவிரல் வைக்காமல், கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். ஒரு பெருவிரல் குறைவு. எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

உடம்பைக் கவனியுங்கள்.

கேசிகா

*

பலெர்மோ
12.06.2024

என் பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள். சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல் மாறிவிட்டது. அவவைப் பலகணியில் இருத்திவிட்டு, உன் கடிதத்தை வாசித்தேன். அந்தப் பிள்ளை தலையாட்டின இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் அதை எடுக்கவில்லை.

அன்று நான் என்ன கண்டேன் என்று எழுதுகிறேன்.

றெஜிஸ்ரார் வாசித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் உன்னைப் பார்த்தார். "பிள்ளை, மனப்பூர்வமான சம்மதத்தோடைதானே?" என்று கேட்டார். மனப்பூர்வம் என்பது உன் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சொல் இல்லை. உனக்கு விளங்கவில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உனக்கு அது நினைவில்லை. எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை.

அவர் என்ன கேட்கிறார் என்று நான் உனக்குச் சொல்லியிருக்கலாம். "உனக்கு விருப்பமோ எண்டு கேக்கிறார்" என்றால் விளங்கியிருக்கும். நாலே நாலு சொல். சொன்னால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாய் என்று எனக்குப் பயம். அதனால் நானே அவரைப் பார்த்து "ஓம்" என்றேன். அவர் எழுதினார். பிறகு பேனையை எடுத்து உன் கையில் தந்ததும் நான்தான்.

அந்த ஓம் உன்னுடையது இல்லை பிள்ளை, என்னுடையது. நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அவ்வளவு தூரத்தில் தனிய இருக்க, நான் இங்கே நீ வைத்த கையெழுத்து, நீ வைத்த கையெழுத்து என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று உன்னிடம் நான் முதல் தரம் கேட்கிறேன்.

மாமிக்கு நானே எடுத்துச் சொன்னேன், வேறு ஆட்கள் சொல்லிக் கேட்க விடக்கூடாது என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இண்டையோடை எனக்கு மச்சாள் எண்டு ஒருத்தி இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டா. கோயில் ஆட்கள் இனித்தான் கதைக்கப் போகிறார்கள். கதைக்கட்டும். கஜானன் மட்டும் பிறகு எடுத்து "சாப்பிட்டியளோ மாமி" என்று கேட்டான். அதற்குத்தான் நான் அழுதேன்.

அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவருக்கும் அன்று ஃபான் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

சத்தியக் கடதாசியைத் தமிழில் எழுதி, இத்தாலியனில் மொழிபெயர்ப்பித்து, நேற்றுக் காலை நோத்தாயோவிடம் கொண்டுபோனேன். பத்திரங்களுக்கு முத்திரை வைக்கிற ஆள், வயதானவர், நல்ல மனிசன். முழுவதையும் ஆறுதலாக வாசித்தார். நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். ஓரிடத்தில் நிற்பாட்டச் சொல்லி ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டேன். இருபத்தேழு வருடத்தில் இந்த ஊரில் நான் ஒருவரை நிற்பாட்டச் சொன்னது அதுதான் முதல் தரம். அவர் விளங்கப்படுத்தினார். அதில் ஒன்றும் குறையவில்லை, அவருக்கும் கோபம் வரவில்லை.

பிரதி ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன், மூலப்பிரதி உன் லோயருக்குப் போய்விட்டது. உன் நாடு எப்போது எழுத்தை முடிக்கிறது என்று எனக்கு எழுது. ப்ளெசிங்கும் நேற்றுக் கேட்டாள், உன் மபுட்டோக் கடதாசியை இங்கிலீசில் எடுக்கலாமா, வாசிக்க வேணுமாம். அனுப்பிவிடு. ரெலிபோன் எடு, இனிமேல் வைக்கமாட்டேன்.

வாசித்து முடிய நோத்தாயோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஹா கபீத்தோ, சிஞ்ஞோரா?" என்று கேட்டார். பழக்கதோசம், நான் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் என் கைப்பை மட்டும் இருந்தது. பிறகு அவரைப் பார்த்து நானே சொன்னேன், சீ, விளங்கினது என்று.

அம்மா
ரதி